விராலிமலை வரைக்கும்

மூன்று தடவை வைத்தும் மாடத்தியின் கைரேகை விழவில்லை. பாஸ்போர்ட் ஆபீஸில் கண்ணாடித் தட்டின் மேல் விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினாள். மெஷின் சிவப்பு விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் பொறுமைசாலி. ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"பயராபீஸ்ல மருந்து அடைக்கேன் தாயி. இருவத்தாறு வருசமாச்சு."

பட்டாசுக் கம்பெனியை எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்லுவோம். அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் இருபத்தாறு வருஷம் அளைந்த கையில் ரேகை எங்கே இருக்கும்? தேய்ந்து, தாம்பாளம் மாதிரி வழவழ என்று இருந்தது. நாலாவது தடவை எப்படியோ பச்சை விளக்கு எரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனிச்சாமியிடம் ஓடிவந்து, "எனக்கும் ரேகை இருக்குங்க" என்றாள். ஐம்பது வயதுக்காரி பத்தாவது பாஸ் பண்ணின பிள்ளை மாதிரி நின்றாள். சீனிச்சாமி தலையை ஆட்டினார். அவ்வளவுதான். எட்டு வருஷமாக அவர் எதற்கும் அவ்வளவுதான்.

வெளிநாடு போகும் யோகம் இவர்களுக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் நிறைய எடுக்கும் வெளியூர் டீலர்களைச் சீசனுக்கு முன்னால் ஒரு நாட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது எங்கள் முதலாளிமார் வழக்கம். இந்த வருஷம் வியட்நாம். டா நாங் என்று கடலோரத்தில் ஒரு ஊர். அங்கே ஆற்றங்கரையில் பல நாட்டுக்காரர்கள் வந்து வாணவேடிக்கைப் போட்டி நடத்துகிறார்கள், அதையும் பார்க்கலாம் என்று முதலாளி தனுஷ்கோடி ஏற்பாடு செய்தார். தை மாதமே சீனிச்சாமியைக் கூப்பிட்டு, "சீனி, இந்தத் தடவ போர்மேனுக்கும் ரெண்டு சீட்டு. நீயும் ஒம் பொஞ்சாதியும் பாஸ்போர்ட்டு எடுத்துருங்க" என்றார்.

சீனிச்சாமி வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் மாடத்தி போய் முதலாளியின் கார் வரும் பாதையில் நின்று, "அவுக கெடக்காக, நாங்க வாரோம் மொதலாளி" என்று சொல்லிவிட்டாள்.

ஊர் சுற்றும் ஆசை என்று நினைத்தால் அது அவளுக்குச் செய்யும் பாவம். அவளுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சீனிச்சாமி வேறொரு கம்பெனியில் போர்மேன். அங்கே ஒரு திங்கட்கிழமை காலை மருந்து வெடித்து ஏழு பேர் போனார்கள். முதலாளி எங்கே என்று தெரியவில்லை, மேனேஜர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார். கருகின உடம்புகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டிருந்த சீனிச்சாமி போலீஸ் கைக்குக் கிடைத்தார். நாற்பத்தொரு நாள் மதுரை ஜெயில். கேஸ் இழுத்து இழுத்து, போன வருஷம்தான் குற்றமில்லை என்று தீர்ப்பானது. குற்றமில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது, அவருக்குள்ளே யாரோ அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

மனுஷன் தூங்குவதில்லை. கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். கண்ணை மூடினால் அரைமணி, அதற்குள் உதறிக்கொண்டு எழுந்து, "கதவு பூட்டிருக்கா?" என்பார். வீட்டுக் கதவை அல்ல, மருந்து ரூம் கதவை.

புதுக் கம்பெனியிலும் அவர் வேலை அப்படி. மிஞ்சின மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தில் என்னவெல்லாமோதான் இருக்கிறது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சீனிச்சாமி ஒவ்வொரு ரூமாகப் போய், மிச்சம் இருப்பதைப் பக்குவமாக எடுத்துத் தண்ணித் தொட்டியில் கரைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மருந்து ராத்திரி ஈரத்தைக் குடித்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கிடக்கும். காலையில் எவளாவது தெரியாமல் கையை விட்டாளானால் முடிந்தது கதை. ஞாயிறு லீவில் கிடந்து ஊறுகிறதே, திங்கட்கிழமைச் சாவுகள் பாதி இந்தக் கணக்குதான். கம்பெனியில் அவருக்குத் 'தண்ணிச்சாமி' என்று பட்டம். காசைக் கரைக்கிறார் என்று முதலாளிக்கு எரிச்சல், கூலி குறையுதே என்று மருந்து கலப்பவர்களுக்கு எரிச்சல்.

சாத்தூர் டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, "நாலு நாள் வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. இந்த நெனப்பு இல்லாம இருக்கட்டும்" என்றார். மாடத்தியும் கூட்டிப்போனாள். திருச்செந்தூருக்குப் போனால் சாமி கும்பிட்ட கையோடு ஒரு மணிப் பேருந்தைப் பிடித்துவிட்டார். குற்றாலத்தில் தலை துவட்டக்கூட இல்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் பாதியில் இறங்கி, எதிரே வந்த வண்டியில் ஏறிக்கொண்டார். எந்த ஊர் போனாலும் சாயங்காலம் மருந்து ரூமில் நின்றாக வேண்டும்.

அதனால்தான் வியட்நாம் என்றதும் பிடித்துக்கொண்டாள்.

"அங்கனருந்து சாயங்கால பஸ்ஸ பிடிச்சு வர முடியாதுல்ல?" என்று மகள் பானுப்பிரியாவிடம் கேட்டாள்.

"அது கடலத் தாண்டி இருக்கும்மா."

"அதான் வேணும். கடல் குறுக்க கெடக்கட்டும்."

பானுவும் அதே கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள், இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாயும் மகளும் போனை வைத்துக்கொண்டு வியட்நாமைப் பார்த்தார்கள். மலை உச்சியில் ஒரு பாலம். பாலத்தை இரண்டு பெரிய கல் கை கீழேயிருந்து ஏந்திப் பிடித்திருக்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். மாடத்தி அதை ஏழெட்டுத் தடவை பார்த்தாள்.

"இம்புட்டுப் பெரிய கை! இந்தக் கையிக்கு ரேகை இருக்குமா பானு?"

"ஒனக்கு அதே நெனப்பும்மா. அங்கன ஒரு ஊரு பூராம் லாந்தராக் கெடக்கு பாரு. மஞ்சள், செவப்பு…"

"உள்ள மெளுகுவத்தியா, பல்பா?"

"யாருக்குத் தெரியும்."

"மெளுகுவத்தியா இருந்தா ஒங்கப்பா தண்ணி வாளியத் தூக்கிருவாக."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த சீனிச்சாமி கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். வாணவேடிக்கைப் படத்தைக் காட்டியபோது மட்டும் போனை வாங்கிப் பார்த்தார். "பச்ச நல்லா எடுத்திருக்கான்" என்றார். மாடத்திக்கு அந்த ஒன்றுதான் கவலை. போயும் போயும் அங்கேயும் வெடியா? அன்றைக்கு மட்டும் தலைவலி என்று சொல்லி இவரை ரூமுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

கூட மருந்து அடைக்கும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"ஏக்கா, அங்கன பாம்பு திங்காகளாமே?"

"தின்னா தின்னுட்டுப் போறாக. எம் பைக்குள்ள பருப்புப் பொடி இருக்கு, சேவு இருக்கு, புளிக்காய்ச்சல் இருக்கு. சோறு மட்டும் குடுத்தாகன்னா போதும்."

"நீ சேல கட்டிட்டா போற? அங்கன பொம்பளையாளுக பூராம் பேண்டு போடுதாகளாம்."

"நானும் போடுதேன். ஒங்க அண்ணன் பேண்டு ரெண்டு சும்மாதான கெடக்கு."

முதலாளி மகன் ஹரிபிரசாத் ஒருநாள் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான். "அத்தை, மருந்து வாடை பட்ட துணிமணி, பை எதுவும் கொண்டாரக் கூடாது. ஏர்போர்ட்ல மெஷின் இருக்கு, தூசி இருந்தாலும் காட்டிக் குடுத்துரும். எல்லாரையும் நிப்பாட்டிருவாங்க." எங்கள் பக்கத்தில் மருந்து வாடை படாத துணிக்கு எங்கே போவது? கொடியில் காய்கிற துணியிலும் அதுதான், தலையணையிலும் அதுதான். மாடத்தி இருவருக்கும் புதுத்துணி எடுத்து, மல்லாங்கிணற்றில் மானாவாரி வெள்ளாமை பார்க்கும் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பதினைந்து நாளாக எலுமிச்சம் பழத்தைப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்த சாம்பல் நிறம் மட்டும் போகவில்லை.

வெயிலைப் பற்றியும் விசாரித்தாள். அங்கேயும் இதே வெயில்தானாம். "அம்புட்டுத் தூரம் போயும் நம்ம வெயிலுதானா!" என்று சலித்துக்கொண்டாள். ஆனால் ராத்திரி கடல் காத்து வருமாம், ஏசி ரூமாம், ஜன்னல் சாத்தினால் ஒரு சத்தம் கேட்காதாம். அஞ்சு ராத்திரி. ஒரு ராத்திரி தூங்கினால் போதும் என்று மனதுக்குள் இருக்கன்குடி மாரியாத்தாளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

கிளம்ப வேண்டியது ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாத்தூரில் பஸ் ஏறித் திருச்சி போய், அங்கே டீலர்களோடு சேர்ந்துகொண்டு, நடுச்சாமத்துக்கு மேல் விமானம்.

முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கே சீனிச்சாமி வீட்டுக்கு வந்துவிட்டார். வெளிச்சம் இருக்கும்போது அவர் வீட்டுக்கு வந்து எட்டு வருஷமாகிறது. மாடத்திக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குப் போவதை நினைத்து மனுஷன் மாறிவிட்டார் என்று அடுப்பைப் பற்றவைத்துப் பணியாரம் சுட ஆரம்பித்தாள். தட்டை முன்னால் வைத்தபோதுதான் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, மேலுக்குச் சரியில்லையா?"

"கையெழுத்து வாங்கிட்டாக."

"எதுக்கு?"

"அஞ்சு நாளைக்கும். திங்கள், செவ்வா, புதன், வியாழன், வெள்ளி. போர்மேன் நோட்டுல கையெழுத்து. இன்னிக்கே போட்டுக் குடுத்துட்டேன்."

மாடத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர அந்த நோட்டு என்னவென்று நன்றாகத் தெரியும். போர்மேன் இல்லாமல் மருந்து ரூம் திறக்கக் கூடாது. அவர் வந்தார், நின்று பார்த்தார், மிச்சத்தை அழித்தார் என்று தினமும் கையெழுத்து விழ வேண்டும். கல்யாணம், காது குத்து, கேதம் என்று போர்மேன்கள் லீவு போடும்போது முன்கூட்டியே கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் எல்லா இடத்திலும் நடக்கிற கூத்துதான். யாரும் தப்பென்று நினைப்பதில்லை. சீனிச்சாமி மட்டும் தன் அப்பா செத்தபோதுகூடப் போடாதவர். அன்றைக்கு ரூமைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்துதான் கொள்ளி வைத்தார்.

"சாவி?"

"அதையும் மொதலாளி வாங்கிட்டாரு. சாயங்காலம் நான் பாத்துக்கிடுதேன், நீ போயி துணிமணிய எடுத்து வையின்னாரு."

"சரி, ஒரு அஞ்சு நாள்தான…"

"பாலகுரு வாரான் திங்கக்கிளமை."

அந்தப் பெயரைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள். ரூம்களை உள்குத்தகைக்கு எடுத்து, ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்கி, ஆர்டரை ஒரே மூச்சில் முடித்துக் கொடுக்கும் ஆள் பாலகுரு. நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் பத்துப் பேர், இடம் போதாவிட்டால் வேப்ப மரத்தடி. சீனிச்சாமி இருக்கும்வரை அவனைக் கேட்டுக்குள் விட்டதில்லை.

"நாப்பது ஆளாம். மதுரப் பக்கம் எங்கனயோ உள்ள ஊரு. பாதிப் பேரு இதுவரைக்கும் மருந்தக் கண்ணால பாத்ததில்லையாம். வாச்மேன் நாகையா சொன்னாரு."

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. எந்த ஊரில் எந்த முதலாளி போர்மேனைச் சும்மா ஊர் பார்க்கக் கூட்டிப்போனான்? விளங்கியதை அவள் பிடித்துத் தள்ளினாள். இங்கேதான் மாடத்தி பாவமா பாவியா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

"அதுக்கு நாம என்னங்க செய்ய?" என்றாள்.

"போகலன்னா?"

"என்னது?"

"நாம போகலன்னா என்ன புள்ள. நோட்ட வாங்கி அந்தப் பக்கத்தக் கிழிச்சிருவேன்."

"கிழிச்சிட்டு? வேலையும் போவும். நீங்க போனா அவுக வேற போர்மேன வச்சு அதையேதான் செய்யப் போறாக. நாப்பது பேருக்கும் நீங்கதான் அப்பனா? ஊருல அம்புட்டுக் கம்பெனி கெடக்கு, அங்கனெல்லாம் போயித் தண்ணி ஊத்துதீகளா?"

"எங் கையெழுத்துல்ல புள்ள."

"ஒங்க கையெழுத்து! எங் கழுத்துல கெடக்கது யாரு கட்டுனது?" அவள் குரல் உடைந்தது. "எட்டு வருசமா ஒங்களத் தேடிட்டு இருக்கேன். ஜெயிலுக்குப் போனவுக திரும்பி வரல. ஒங்க சட்டைய மாட்டிட்டு வேற யாரோ வந்து இந்தக் கட்டில்ல உக்காந்திருக்காக. செத்த ஏளு பேருக்கும் சேத்து எட்டாவதா நானும் செத்துட்டேன், அது ஒங்களுக்குத் தெரியுதா? பேரன் பொறந்தான், சிரிச்சீகளா? பானு கலியாணத்துல பந்தியில உக்காந்தீகளா? தாலி கட்டி முடிக்கவும் கம்பெனிக்குப் போயிட்டீக. நான் கேட்டது அஞ்சு ராத்திரி. கண்ண மூடிட்டு எங்கூட வாங்க. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்."

சும்மா சொல்லவில்லை, பிடித்தேவிட்டாள். பணியாரம் கருகும் வாடை வந்தது. சீனிச்சாமி கொஞ்ச நேரம் அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தலையில் கையை வைத்தார்.

"எந்திரி. போவோம்."

"சத்தியமா?"

"போவோம்ங்கேன்ல."

ராத்திரி தூறல் போட்டது. ஆனியில் எங்கள் பக்கத்தில் மழை அபூர்வம். ஓட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்ததை நல்ல சகுனம் என்று மாடத்தி எடுத்துக்கொண்டாள். சீனிச்சாமி கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பானுவும் மருமகன் முத்துப்பாண்டியும் சாத்தூர் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து தங்கை கொண்டுவந்து கொடுத்த புதுத்துணியில் இரண்டு பேரும் மாப்பிள்ளை பெண் மாதிரி இருந்தார்கள். "போட்டோ அனுப்பும்மா, அந்தக் கைப்பாலத்துல நின்னு எடுத்து அனுப்பு" என்று பானு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள்.

விருதுநகர் தாண்டும்வரை சீனிச்சாமி திரும்பித் திரும்பிப் பார்த்தார். திருமங்கலத்தில் இறங்கிவிடுவாரோ என்று மாடத்தி அவர் பேண்ட் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதுரையில் வண்டி மாறினார்கள். மாட்டுத்தாவணியிலிருந்து திருச்சி பஸ் புறப்பட்டு, ஒத்தக்கடையைத் தாண்டியதும் அது நடந்தது.

சீனிச்சாமி தூங்கிவிட்டார்.

முதலில் தலை ஜன்னல் கம்பியில் முட்டியது, பிறகு இந்தப் பக்கம் சரிந்து மாடத்தியின் தோளுக்கு வந்தது. அரைமணி நேரம்தான், உதறி எழுந்துவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலூர் வந்தது, போனது. எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, சன்னமாகக் குறட்டை. அந்தக் குறட்டையைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! தோள் மரத்துப்போனது, அசைக்கவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டுக் காசை நீட்டினாள். சாவுகள், கையெழுத்து, பாலகுரு எல்லாம் பின்னால் எங்கேயோ தூசியில் போய்விட்ட மாதிரி இருந்தது. மாரியாத்தா, வியட்நாம்கூட வேண்டாம், இந்த பஸ் இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தாள்.

கொட்டாம்பட்டி தாண்டியதும் போன் அடித்தது. பானு.

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காகளா?"

"தூங்குதாகடி," என்று குசுகுசுத்தாள். "ஒரு மணி நேரமா! நெசமாத்தான் சொல்லுதேன்."

பானு கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்கு நான் வேலைக்குப் போகவா, வேண்டாமா?"

"ஏன் கேக்க?"

"நாகையா தாத்தாவ இப்பக் கடையில பாத்தேன். நேத்து அப்பா வந்த பொறவு பாலகுரு ஆளுக ரெண்டு பேரு வந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் மருந்து கலந்தாகளாம். திங்கக்கிளமை வெள்ளன ஆரம்பிக்கணும்னு. நாலு வாளி. அப்படியே வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாகளாம். ராத்திரி தூறல் வேற போட்டுச்சுல்ல, அந்த ரூமு வடக்கு மூலையில ஒழுகுமே, அதான் தாத்தாவுக்குப் பயமா இருக்குன்னாரு."

"தாத்தாவத் தண்ணி ஊத்தச் சொல்லேன்."

"சாவி அவருட்ட இல்லம்மா. இருந்தாலும் அவருக்கு என்ன தெரியும்? சூடேறிக் கெடக்கதத் தொட்டா அவருதான் போவாரு. அப்பாட்ட சொல்லாத. போறவுக நிம்மதியாப் போகட்டும். நான் போகவா வேண்டாமா, அத மட்டும் சொல்லு."

"போகாத," என்றாள் மாடத்தி. "அந்தப் பக்கமே போகாத. மேலுக்குச் சரியில்லன்னு சொல்லிரு."

போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் தான் சொன்னது தனக்கே கேட்டது. தன் மகளைப் போகாதே என்று ஒரு வார்த்தையில் நிறுத்திவிட்டாள். வேனில் வரப்போகும் நாற்பது பேருக்கும் ஒரு தாய் இருப்பாளே, அவளுக்கு யார் போன் போடுவார்கள்? அவர்கள் ஊர் தெரியாது, பேர் தெரியாது. விடிந்ததும் தூக்குவாளியும் கையுமாக வந்து இறங்கி, பழக்கமில்லாத கையால் முதல் வாளியைத் தொடுவார்கள்.

முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் திருச்சியில் ஹோட்டலில் இருந்தார். பின்னால் டீலர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"மாடத்தியா? எங்கன வந்துட்டிருக்கீக?"

"அவுக தூங்குதாக மொதலாளி. மருந்து ரூமுல நாலு வாளி நனஞ்சு கெடக்காம். திங்கக்கிளமை வண்டிய விட வேண்டாம்னு சொல்லுங்க மொதலாளி."

அவர் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரோ சொன்னாக. ஒங்க காலுல விழுதேன்."

"ஒண்ணும் ஆகாது. பாலகுருவுக்குத் தெரியாத வேலையா? மேலாப்ல ஒதுக்கிட்டு எடுத்துக்கிடுவான். சீனிட்ட இதச் சொல்லிட்டு இருக்காத. பாவம், எட்டு வருசமாத் தூங்காத மனுசன். எழுப்பாத."

அவரும் அதையேதான் சொன்னார். போலீசுக்குச் சொல்லலாமா என்று நினைத்தாள். போலீஸ் வந்தால் முதலில் நோட்டைத்தான் எடுக்கும், நோட்டில் இருப்பது யார் கையெழுத்து? காய்ந்தாலும் நனைந்தாலும் அந்த வாளியை எந்தப் பக்கமிருந்து, எப்படித் தொட வேண்டும் என்று தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தார்.

துவரங்குறிச்சி வரைக்கும் தூங்கட்டும் என்று நினைத்தாள். அங்கே இறங்கினாலும் விடியும் முன்னால் ஏழாயிரம்பண்ணைக்குப் போய்விடலாம். துவரங்குறிச்சி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஒருத்தி பலாச்சுளை விற்றாள். சீனிச்சாமி தூக்கத்திலேயே ஒருமுறை சப்புக்கொட்டினார், குழந்தை மாதிரி. மாடத்தியால் முடியவில்லை. பஸ் புறப்பட்டுவிட்டது.

சரி, விராலிமலை. அதற்கு மேல் விட்டால் திருச்சி, திருச்சியில் இறங்கிவிட்டால் தன் மனசு தன்னிடம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஏசி ரூமும், கடல் காத்தும், சாத்தின ஜன்னலும் அங்கிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தன. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்றும் நடக்காமலும் போகலாம். நூறு தடவையில் தொண்ணூறு தடவை ஒன்றும் நடப்பதில்லை. அந்த ஏழு பேருக்கும் அதற்கு முந்தின திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் பத்து நிமிஷம். இன்னும் அஞ்சு. அவள் அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கினால் எழுந்துவிடுவாரே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், முகம் பூராவும் நனைய அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி என்னம்மா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். சாலையோரம் மயில் ஒன்று குறுக்கே ஓடியது, பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் "விராலிமலை, விராலிமலை" என்று கத்தினான்.

அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"என்னங்க. எந்திரிங்க."

சீனிச்சாமி உதறவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தார். எந்த இடம் என்று தெரியாமல் விழித்துவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரிய, கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு.

"நல்ல தூக்கம் புள்ள," என்றார். "ஊரு வந்துருச்சா?"

மாடத்தி அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"நேத்து நீங்க வந்த பொறவு மருந்து கலந்திருக்காக. அழிக்காமப் பூட்டிட்டாகளாம். மளையில நனஞ்சு கெடக்காம்," என்றாள்.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கண்முன்னால், அவளே எழுப்பிவிட்ட பழைய ஆள் வந்து அந்த முகத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏன் இவ்வளவு தூரம் வரவிட்டாய் என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை.

"எத்தன வாளி?" என்றார்.

"நாலு."

அவர் எழுந்து மேலே இருந்த பையை இறக்கினார்.